மார்கழி நாற்றும் மீன் குடலும்

நாற்றம் என்றால் இப்படி அப்படி நாற்றம் இல்லை. சோற்றுத் தட்டோடு எழுந்து ஓடினேன்.

கார்த்திகை மழை விட்டதும் மொட்டை மாடியில் விதை போட்டிருந்தேன். மீன் வருகிற தெர்மாகோல் பெட்டிகளைத் தேய்த்துக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பிக் கத்திரியும் மிளகாயும் தூவினேன். மார்கழிப் பனியில் நாற்று வளர்ந்தால் தை பிறந்ததும் பிடுங்கி நடலாம். ஆனால் மாடி எங்களுடையது இல்லை. கீழே வாடகைக்கு இருக்கிறோம். "நாத்தம் கீத்தம் வந்துச்சு, அன்னிக்கே எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சிடுவேன் பூர்ணிமா" என்று சொல்லித்தான் ஓனரம்மா ஆதிலட்சுமி விட்டுக்கொடுத்தார். நாளெல்லாம் தட்டாஞ்சாவடி கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள் நான். அந்த மாடியும் போனால் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும்.

முளை தெரிந்த வாரமே நாற்றமும் வந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை, என் வீட்டுக்காரர் மதிவாணன்தான். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் கூடை தூக்குகிறவர். "தள்ளி நில்லுய்யா, கொடலப் பொரட்டுது" என்று வாசலிலேயே நிறுத்தி, இரண்டு தரம் குளிக்க வைத்தேன். குளித்ததும் நேரே மாடிக்குப் போய்ப் பெட்டிகளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை மாடிக்குப் போனால் பூனைகள் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தன. விரட்டிவிட்டு ஓரத்து மண்ணைத் தள்ளினேன். உவ்வே! மீன் குடல், செவுள், நெளிநெளியாகப் புழு. பாதி நாற்று அழுகிச் சாய்ந்து கிடந்தது.

"யோவ்!"

குளித்த ஈரத் தலையோடு ஓடி வந்தார். "தென்னைக்குப் பொதைப்பாங்களே, நல்லா வருமேன்னு... சொல்லாம செய்யலாம்னுதான்..."

"அது மரம்யா, ஆழமா குழி தோண்டிப் பொதைப்பாங்க! இது ஒரு சாண் பொட்டி. காயறதுக்கு வெயிலா அடிக்குது? பனியில ஊறி நாறுது, கருமம்!"

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று பெட்டிமேல் சாக்கைப் போட்டேன். ஆதிலட்சுமி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"இன்னாடி இப்டி நாறுது? உன் செடியா?"

"செடி இல்லக்கா" என்றேன். "இவருதான். எத்தினி தடவ குளிச்சாலும் போவ மாட்டேங்குது."

மதிவாணன் என்னையே பார்த்தார்.

"ச்சீ, எப்டிதான் பக்கத்துல படுக்கிறியோ!" என்று ஆதிலட்சுமி சிரித்தார். நானும் சிரித்தேன். த்தூ, நானெல்லாம் ஒரு மனுஷி. ஒரு கை தூரத்தில் நின்றவரிடமிருந்து வந்தது வெறும் சோப்பு வாசனை.

"இனிமே மேல வரமாட்டேங்கம்மா" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார்.

குடலையெல்லாம் நானே அள்ளினேன். பதினேழு நாற்று தேறியது. தையில் நட்டேன், பூவும் விட்டுவிட்டது. மாடியைப் பற்றி ஆதிலட்சுமி அதற்குப் பிறகு பேசவே இல்லை. என் வீட்டுக்காரர்தான் பாயை வாசல் ஓரமாகப் போட்டுக்கொண்டு படுக்கிறார். "இங்க வாய்யா" என்று கூப்பிட்டால், "இரு, இன்னொரு தரம் குளிச்சிட்டு வரேன்" என்கிறார்.