புரியலை டப்பா

அது ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மூடி ஒரு பக்கம் நசுங்கியது. திறந்தால் ‘ணங்’ என்று ஊருக்கே கேட்கும். புள்ளியியல் மேடத்தின் மேசையில் உருப்படியான பொருள் அது ஒன்றுதான் என்று சக ஆசிரியர்கள் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அந்தக் கல்லூரியில் பொய் சொல்லத் தெரியாத பொருளும் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிஷம் மேடம் பாடம் நடத்த மாட்டாள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. அந்த வாரம் எது புரியவில்லையோ அதை எழுதி டப்பாவில் போட வேண்டும். பெயர் எழுதக் கூடாது. ‘புரிந்தது’ என்று எழுதவே கூடாது. திங்கட்கிழமை வகுப்பு அந்தச் சீட்டுகளிலிருந்துதான் தொடங்கும். இதனால் பாடத்திட்டம் ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. ஆனால் நகர்ந்த தூரத்துக்கு நாற்பத்து மூன்று பேரும் கூடவே வந்தார்கள்.

அதில் ஒரு கையெழுத்தை மேடம் பெயரில்லாமலே கண்டுபிடித்துவிடுவாள். எழுத்தெல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். எல்லாக் கேள்வியும் ‘ஏன்’ என்றுதான் ஆரம்பிக்கும். எழுதுகிறவள் வகுப்புக்கே அக்கா. வயது இருபத்தொன்பது, ஆறு வயதில் ஒரு மகள், காலையிலும் மாலையிலும் மருந்துக்கடையில் வேலை. புள்ளியியல் தாளில் ஏற்கெனவே இரண்டு முறை தவறியிருந்தாள். மூன்றாவது முறையும் தவறினால் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். மற்ற எல்லாத் தாளும் தேறியாகிவிட்டது. இந்த ஒன்றுதான் குறுக்கே நின்றது.

ஒருமுறை, ‘ஏன் விலகலை வர்க்கம் பண்ணணும்? அப்படியே கூட்டினா என்ன குடி முழுகிப்போகும்?’ என்று ஒரு சீட்டு வந்தது. வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

“சரி, கூட்டிப் பார்த்துடலாம். யார்கிட்டயாவது கணக்கு இருக்கா?”

அக்கா எழுந்தாள். “எங்க கடையில அஞ்சு நாள்ல வித்த இருமல் மருந்து மேடம். நாலு, ஆறு, எட்டு, பத்து, பன்னெண்டு.”

சராசரி எட்டு. ஒவ்வொரு எண்ணும் அதிலிருந்து எவ்வளவு கூட, குறைய என்ற விலகல்களைக் கரும்பலகையில் எழுதி அக்காவே கூட்டினாள். பூஜ்யம் வந்தது. எண்களை மாற்றிப் போட்டாள். மறுபடி பூஜ்யம்.

“அட! கூட்டுறதும் கழிக்கிறதும் ஒண்ணையொண்ணு தின்னுடுது மேடம்! வர்க்கம் பண்ணினா மைனஸ் ஓடிடும், அதான் வர்க்கமா?” என்று சாக்பீஸும் கையுமாகக் கத்தினாள். “மூணு வருஷமா இதை மனப்பாடம் பண்ணிக்கிட்டுத் திரியறேன், பாவி நான்!”

அன்று மேடத்துக்குச் சாப்பாடே இறங்கவில்லை. சந்தோஷம்தான். இவள் இந்தத் தடவை தேறிவிடுவாள் என்று முதல்முறையாக நம்பினாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையாவிட்டால் அது என்ன கதை? கல்லூரிக்குத் தரம் போடும் ஆய்வுக்குழு வரப்போகிறது என்று சுற்றறிக்கை வந்தது. இந்த ஆண்டின் மந்திரம் ‘மாணவர் மையக் கற்றல்’. ஒவ்வொரு துறையும் சான்று காட்ட வேண்டும். கல்லூரியின் சொந்தத் தரக்குழுப் பொறுப்பாளரை எல்லோரும் கோப்பு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். நூற்றுப்பதினான்கு கோப்பு அவர் தலையில். தலையில் மிச்சமிருந்த முடியும் அந்த மாதம்தான் விடைபெற்றது.

டப்பாவைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “மேடம்! இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? இதுதான் மேடம் மாணவர் மையம்!”

‘ணங்’ என்று திறந்து நாலு சீட்டைப் படித்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கியது.

“என்ன மேடம் இது, எல்லாத்துலயும் புரியலை புரியலைன்னே இருக்கு?”

“அதுக்குத்தான் சார் டப்பா.”

“குழு எண்ணிப் பார்க்கும் மேடம். எண்பது சதவீதம் பேருக்குப் புரிஞ்சிருக்கணும்னு படிவத்துல இருக்கு. இதைக் காட்டினா நாம நடத்துற லட்சணம் இதுதான்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. டப்பா இருக்கட்டும். சீட்டை மட்டும் மாத்திடலாம். இந்த ஒரு வாரம் புரிஞ்சுதுன்னு எழுதச் சொல்லுங்க. ஒரே ஒரு வாரம்.”

“அது பொய் சார்.”

“நான் மட்டும் அரிச்சந்திரனா?” அவர் குரல் தாழ்ந்தது. “ஜூன்ல உங்க ஒப்பந்தம் புதுப்பிக்கணும். நான் மிரட்டலை மேடம். என் கையில ஒண்ணும் இல்லை. உங்க கையிலயும் இல்லை.”

அது மிரட்டல் இல்லை என்பதுதான் கொடுமை. மிரட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். ஆறு வருஷமாக ஒப்பந்தத்தில் ஓட்டுகிறவள், யாரோடு மல்லுக்கு நிற்பது?

வெள்ளிக்கிழமை வகுப்பில் நின்று, தன் வாயாலேயே சொன்னாள். “இந்த வாரம் மட்டும் புரிஞ்சதை எழுதுங்க. குழு பார்க்கணுமாம்.”

பின்பெஞ்சில் ஒருத்தன், “அப்ப எனக்கு வெத்துச் சீட்டுதான் மேடம்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் கையில் ஏற்கெனவே எழுதி மடித்த சீட்டு ஒன்று இருந்தது. வீட்டிலிருந்தே எழுதி வந்திருப்பாள் போலிருக்கிறது.

“பொய்யா எழுதணுமா மேடம்?”

“ஒரு வாரம்தாம்மா.”

அக்கா ஒரு கணம் மேடத்தையே பார்த்தாள். பிறகு மடித்த சீட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, புதுத் துண்டில் ‘நிகழ்தகவு நன்றாகப் புரிந்தது’ என்று சாய்ந்த எழுத்தில் எழுதி டப்பாவில் போட்டாள். அந்தப் பைக்குள் போனது என்ன கேள்வி என்று மேடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோப்பு சார் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குழு வந்தது, டப்பாவைப் பார்த்தது, சொக்கிப்போனது. கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. முதல்வரம்மா டப்பாவை வாங்கித் தன் அறைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். மேடத்துக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது. அதோடு விட்டார்களா? இனி எல்லாத் துறைகளிலும் டப்பா வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. துண்டுச் சீட்டு அழகாக இல்லையாம். அச்சடித்த படிவம் கொடுத்தார்கள். பெயர், பதிவெண் கட்டாயம். கீழே ‘புரிந்தது’, ‘ஓரளவு புரிந்தது’ என்று இரண்டே கட்டம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது தான்தான் என்று மேடம் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை புது டப்பாவில் நாற்பத்து மூன்று படிவம் விழுந்தது. நாற்பத்து மூன்றிலும் ‘புரிந்தது’.

“உண்மையை எழுதுங்கப்பா. படிவத்தை விடுங்க, வெறும் தாள்ல எழுதுங்க. யாருக்கும் காட்ட மாட்டேன்.”

யாரும் எழுதவில்லை. ஒருமுறை சொன்னபடி பொய் எழுதியவர்களுக்கு, இப்போது எது நிஜமான உத்தரவு என்று எப்படித் தெரியும்? தலையாட்டினார்கள். எல்லாம் புரிந்த முகம். திங்கட்கிழமை பேச ஒன்றும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் படிவங்களைக் கூட்டிச் சதவீதம் போட்டுக் கொடுக்கச் சொல்லி ஆள் வந்தது.

அக்காவைத் தனியாக வழிமறித்துக் கேட்டாள். “நிகழ்தகவுல எங்கயாவது இடிக்குதாம்மா?”

“இல்ல மேடம். எல்லாம் புரிஞ்சுது.” அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கடைக்கு நேரமாச்சு மேடம்.”

மேடம் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். அன்றும் சதவீதக் கணக்கு பாக்கி இருந்தது.

தேர்வு முடிவு வந்தபோது, இரண்டு மதிப்பெண்ணில் அக்கா தவறியிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து, சான்றிதழ்களைத் திரும்பப் பெறும் படிவத்தோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள். மகளும் கூட வந்திருந்தாள். மேடத்துக்கு எழுந்து நிற்பதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியவில்லை.

“அன்னைக்கு ஒரு சீட்டைப் பையில போட்டியே. என்ன எழுதியிருந்தே?”

அக்கா மகளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டாள். “ரெண்டு பம்பு கணக்கு மேடம். ஒவ்வொண்ணும் ஓட நூத்துக்கு அறுபது வாய்ப்பு. ஒண்ணாவது ஓடணும்னா ஏன் ரெண்டையும் கூட்டக் கூடாதுன்னு கேட்டிருந்தேன். பரீட்சையில அதேதான் வந்துச்சு. கூட்டினேன். நூத்துக்கு நூத்தி இருபது வந்துச்சு.” சிரிக்கப் பார்த்தாள். “தப்புன்னு தெரியுது மேடம். ஏன் தப்புன்னுதான் தெரியலை. உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன், மணி அடிச்சுட்டாங்க.”

“ஐயோ, அஞ்சு நிமிஷ விஷயம்மா அது! ரெண்டும் சேந்து ஓடுற நேரத்தை நீ ரெண்டு தடவை எண்ணிட்டே. உக்காரு, இப்பவே போட்டுக் காட்டுறேன்.” மேடம் தாளை இழுத்தாள். பேனாவைத் தேடினாள்.

“இனிமே எதுக்கு மேடம்?” கோபமே இல்லாத குரல். “கடையில ஆள் இல்ல. கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா கிளம்பிடுவேன்.”

மேடம் படிவத்தை வாங்கினாள். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. கடைசியில் கையெழுத்துக்கு மேலே, ‘கற்பித்தல் குறித்து மாணவரின் கருத்து’ என்று ஒரு வரி. அதில் அந்தச் சாய்ந்த எழுத்து: ‘எல்லாம் நன்றாகப் புரிந்தது.’

அதற்குக் கீழேதான் மேடம் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டாள்.