பால்ரஸ் கண்

ராசாங்கம் குதிரையின் கழுத்தில் கடைசி சைக்கிள் செயினைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி வெற்றிச்செல்வி கண்ணுக்கென்று பேரிங்கிலிருந்து கழற்றி வைத்த இரண்டு பெரிய பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் தேய்த்தாள். லாரி ஸ்பிரிங் பட்டை விலாவாகி, தேய்ந்த மண்வெட்டி காதாகி, பெரம்பலூர்க் காயலான் கடைகளில் பொறுக்கிய குப்பையெல்லாம் ஆளுயரத்துக்கு எழுந்து நின்றது. கிரில் கேட் அடித்தே காலம் தள்ளிய மனுஷனுக்குள் இத்தனை நாள் இது எங்கே கிடந்தது என்று அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அய்யனார் கோயிலுக்கு அதைச் செய்யச் சொன்ன வீரமுத்து சுற்றிச் சுற்றி வந்தார்.

"மண்ணுக் குதிர ஒடைஞ்சு போயிடுதுப்பா. இது பேரன் காலத்துக்கும் நிக்கும். கோயில்ல வச்சுப் பத்தவச்சு நீதான் கண்ணு தொறக்கணும். செஞ்ச கைதான் தொறக்கணும்."

குட்டியானை வண்டியிலிருந்து குதிரை இறங்கியதும் கோயில் வாசலில் குலவை கிளம்பியது. ராசாங்கம் புதுவேட்டியோடு வெல்டிங் மெஷினுக்கு ஒயர் மாட்டினான். பெரியவர் ஒருவர் வாஞ்சையாகத்தான் கேட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

"குரும்பலூருங்க."

"அங்க எந்தத் தெரு?"

பொய் சொல்லித் தொலையேன் என்று வெற்றிச்செல்வி மனசுக்குள் கத்தினாள்.

"காலனிங்க."

குலவை நின்றது.

"காலனிக்காரன் சாமி குதிரைக்குக் கண்ணு தொறக்கிறதா?"

முதல் அறையிலேயே ராசாங்கம் குதிரைமேல் சாய்ந்தான். "அய்யா, நீங்கதானே சொன்னீங்க" என்றான். வீரமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டியில் மிச்சம் கிடந்த செயினை ஒருவன் உருவி விளாசினான். இன்னொருவன் வலதுகையை இழுத்துப் பீடத்தில் வைத்து மிதித்தான். எலும்பு முறிகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. விலக்கப் போனவளை முடியைப் பிடித்துத் தூக்கி எறிந்தார்கள்.

"குதிரைய என்ன பண்றது?"

"அது என்ன பண்ணுச்சு? தண்ணி ஊத்திக் கழுவுங்கடா."

"கண்ணு எங்கடா?"

அவர்கள் வண்டிக்குள் துழாவிக்கொண்டிருக்கையில் அவள் அவனைத் தாங்கிப்பிடித்து ரோட்டுக்கு இழுத்துவந்தாள்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கத்தரியால் சட்டையை வெட்டி எடுத்தார். முதுகில் செயின் பல்பல்லாகப் பதிந்திருந்தது. குதிரையின் பிடரியில் அவன் பார்த்துப் பார்த்து வைத்த அதே வரிசை. வலதுகை வீங்கித் தொங்கியது.

"உன் கையிலயும் ரத்தமா இருக்கே. காட்டும்மா."

வெற்றிச்செல்வி அப்போதுதான் விரல்களைப் பிரித்தாள். காலையில் அவள் தேய்த்த தேய்ப்பில் இரண்டு பால்ரஸும் பளபளவென்று அவளையே பார்த்தன.