தேசப்பனின் நடை

செந்தமிழ் தன் அப்பாவை வெறுத்தாள். அதை மறைத்துக்கொள்ளவும் இல்லை. உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உப்பளத்து வரப்பில் தள்ளாடி, கூடையோடு பாத்தியில் விழுகிற குடிகாரத் தேசப்பனின் மகள் என்று பள்ளிக்கூடத்தில் பேரெடுத்தவளுக்கு வேறென்ன வரும்? அவளுக்குப் பதினாறு வயதாகும்போது அவர் வாய்க்காலில் விழுந்து இறந்தார். விட்டது சனியன் என்றுதான் நினைத்தாள்.

பிறகு படிப்பு, படிப்புக்கு மேல் படிப்பு, சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஹன்டிங்டின் என்ற புரதம்தான் அவள் ஆராய்ச்சி. பரம்பரையாக வருகிற ஒரு பிழையால் அது மூளைக்குள் கட்டி கட்டியாகப் படியும். நாற்பது வயதுவாக்கில் கையும் காலும் தம்மிஷ்டத்துக்கு ஆடத் தொடங்கும். மருந்து கிடையாது. சொந்த ஊரான மரக்காணத்தில் யார் கேட்டாலும் அவள் அம்மா மங்கம்மா, "எம்பொண்ணு மூளை டாக்டரு" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். அந்த டாக்டர் எலி மூளையைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை.

2005இல் ஒரு கருத்தரங்கில், இந்த நோயாளிகள் நடப்பதைப் படமெடுத்துக் காட்டினார்கள். முகம் மறைக்கப்பட்ட ஒருவர் பத்தடி நடந்தார். தோள் குலுங்கியது, கால் ஒருபக்கமாக வீசியது, விழப்போய் விழாமல் நின்றார். அது தேசப்பனின் நடை.

அடுத்த வாரம் தன் ரத்தத்தையே எடுத்து, பெயரில்லாமல் வெறும் எண் போட்டுச் சோதித்தாள். மரபணுவில் மூன்றெழுத்து ஒன்று எத்தனை தடவை திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்க வேண்டும். நாற்பதைத் தொட்டால் நோய் வந்தே தீரும். அவளுக்கு நாற்பத்திநாலு. மூன்று தடவை பார்த்தாள், மாறவில்லை. முப்பத்திமூன்று வயது அவளுக்கு. கூட வேலை செய்பவர்களிடம் அந்தப் புரதத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசலாம். பயமாயிருக்கிறது என்று சொல்லத்தான் ஓர் ஆளில்லை. தனியாக இருப்பது அவளுக்குப் பழக்கம்தான், ஆனால் இவ்வளவு தனியாக இருந்து பழக்கமில்லை.

அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறினாள். முதலில் அப்பா குடிகாரர் இல்லை என்பதை. பிறகு மடியில் விழுந்து தன்னுடையதை.

மங்கம்மா அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா குடிச்சிட்டு ஆடலம்மா. அது வியாதி."

"தெரியும்" என்றாள் மங்கம்மா. கை நிற்கவில்லை.

"என்னம்மா தெரியும்?"

"அவரு வாயில ஒருநாளு சாராயம் பட்டதில்லடி. அவங்கம்மாவுக்கும் இதே ஆட்டம்தான். சாபம் புடிச்ச குடும்பம்னு சொல்லி, அவரு அக்காவ ஒருத்தனும் கட்டிக்கல. அது கடைசிவரைக்கும் ஒண்டியா கெடந்து செத்துச்சு. இவருக்குக் கை ஆட ஆரம்பிச்சதும் பாண்டி சாராயம் ஒரு பாட்டிலு வாங்கியாந்தாரு. வேலைக்குப் போறப்போ துண்டுல ரெண்டு சொட்டு தெளிச்சிக்குவாரு. குடிகாரன் பொண்ண எவனாவது கட்டிக்குவான் மங்கா, இந்த வியாதிக்காரன் பொண்ண எவனும் கட்டமாட்டான்னாரு."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா!"

"சத்தியம் வாங்கிட்டாருடி. உனக்கு இஸ்கூல்ல பரிசு குடுத்தப்போ பாக்க வந்தாரே, யாருன்னே தெரியல சார்னு சொல்லிட்டியே, அன்னிக்கிக்கூட சிரிச்சிக்கிட்டுதான் வந்தாரு. கொழந்தையே நம்பிடுச்சி, இனிமே ஊரும் நம்பிடும்னாரு."

செந்தமிழ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த மனிதர் அன்று பள்ளிக்கூட வாசலில் நின்றது, சட்டைப் பொத்தானை மேலே வரை போட்டிருந்தது எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை.

மங்கம்மா கையைக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மகளின் இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்து, விரல் விரலாக உற்றுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் அம்மா கையைப் பிடித்துக்கொள்வது எதற்காக என்று அப்போதுதான் செந்தமிழுக்குப் புரிந்தது.

"நீதான் பெரிய டாக்டராச்சே, சோதிச்சிப் பாத்தியா? உனக்கு ஒண்ணுமில்லியே?"

அம்மா விரல்களை விடவில்லை.

"பாத்துட்டேம்மா. எனக்கு ஒண்ணுமில்ல."

மங்கம்மா அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இத்தனை வருஷம் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து ஓவென்று அழுதாள். செந்தமிழ் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். சொல்ல வந்ததை இனி எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது.