ஒரு மதிப்பெண் ஆள்

கிளெனிஸ் ட்ரெவின் யாரையும் லேசில் நம்பமாட்டாள். விம்மெரா கோதுமைக் கிடங்கில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள். விவசாயிகள் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் நீளமான இரும்புக் குழாயை அடிவரை குத்தி, உள்ளே இருப்பதை உருவிப் பார்ப்பதுதான் வேலை. மேலே கோதுமை மணி பளபளவென்று இருக்கும். அடியில் ஈரமும் களைவிதையும் இருக்கும். சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பாடுகிறவன்கூட ஒருமுறையாவது அவளிடம் அகப்பட்டிருக்கிறான். ஓய்வு பெற்றபோது குழாயைக் கிடங்கிலேயே விட்டுவிட்டாள். பழக்கத்தை விடவில்லை.

அதனால்தான் வட்டார ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் அவளை மதிப்பீட்டாளராகப் போட்டது. இன்னொரு காரணமும் உண்டு. அவளுடைய சொந்த கிளப்பான கார்லிங், ஆள் இல்லாமல் நான்கு வருடத்துக்கு முன்பு மூடிப்போனது. ஆகவே அவளுக்குப் பக்கம் என்று ஒன்று கிடையாது.

மதிப்பீடு ஒன்றும் பெரிய வித்தை அல்ல. புதிதாகச் சேரும் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒன்றிலிருந்து ஆறுவரை மதிப்பெண் போடவேண்டும். எங்கும் ஆடாதவனுக்கு ஒன்று. மெல்போர்ன் பக்கம் பெரிய லீக்கில் ஆடிவிட்டு வருகிறவனுக்கு ஐந்து, ஆறு. களமிறங்கும் அணியின் கூட்டுத்தொகை நாற்பதைத் தாண்டக்கூடாது. வசதியுள்ள ஊர் நல்ல ஆட்களையெல்லாம் வளைத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்த விதி.

மார்ச் மாதம் விர்ராபுல் அணியிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. ஹீத் லோமஸ், வயது முப்பத்திரண்டு, தடுப்பாட்டக்காரன், இதற்கு முன் எங்கும் ஆடியதில்லை. இந்த வயதில் முதல்முறையாக இறங்குகிறானே, முழங்கால் போய்விடுமே என்று சிரித்துக்கொண்டே ஒன்று போட்டாள்.

இப்போது ஆகஸ்ட். அந்த முழங்கால் போகவில்லை. பதினாறு ஆட்டங்களில் அவன் காவலில் இருந்த கோலடிப்பவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒன்பது கோல்தான் போட்டிருந்தார்கள். டன்மோர் கிளப் புகார் எழுதிவிட்டது. அவன் உண்மையில் ஐந்து மதிப்பெண் ஆள் என்று நிரூபணமானால், விர்ராபுல் பருவம் முழுவதும் நாற்பதைத் தாண்டி ஆடியதாக ஆகும். வென்ற ஆட்டங்கள் எல்லாம் ரத்தாகும். பன்னிரண்டு வருடம் கழித்து இறுதிச் சுற்றை எட்டிப் பார்க்கும் ஊர், வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். திங்கட்கிழமைக்குள் கிளெனிஸ் அறிக்கை கொடுத்தாக வேண்டும். ஒன்று போட்டவளும் அவள்தான் என்பதால் அவளுக்குத் தன்மேலேயே கோபம்.

சனிக்கிழமை, விர்ராபுல் மைதானத்தைச் சுற்றி நின்ற வண்டிகளோடு தன் பிக்கப் வண்டியையும் கோலுக்குப் பின்னால் நிறுத்தினாள். மழை தூறியது. ரொட்டியில் சுருட்டிய சாசேஜைக் கடித்துக்கொண்டு பைனாகுலரைத் துடைத்தபோது ஜன்னலில் ஒரு தொப்பி தெரிந்தது. நெவில் குக், டன்மோர் கிளப்பின் தலைவர், புகாரை எழுதியவர்.

"என்ன கிளெனிஸ், இன்னிக்காவது கண்ணத் தொடச்சிட்டு வந்தியா? மார்ச்சுல தொடைக்காமதானே பாத்த!"

"உன் லாரிய ரெண்டு தடவ திருப்பி அனுப்பின கண்ணு இது. அதப்பத்தி நீ பேசாத."

"சரி, சரி. நீயே சொல்லு. முப்பத்திரண்டு வயசுல ஒருத்தனுக்குத் திடீர்னு ஞானம் பொறக்குமா? என் பையன் போன வருஷம் எண்பத்தோரு கோல் அடிச்சவன். முதல் சுற்றுல இவன்கிட்ட ஒண்ணுகூட எடுக்கல. வீட்டுக்கு வந்து சாப்பிடாம படுத்துட்டான். வேற மாநிலத்துல வேற பேர்ல ஆடினவன்தான் இவன். எழுதி வச்சிக்கோ."

"அஞ்சு அணிதான் இறுதிச் சுற்றுக்கு. ஆறாவது இடத்துல இருக்கறது யாரு நெவில்? விர்ராபுல் போனா உள்ள வரப்போறது யாரு?"

நெவில் சிரித்தார். சாசேஜ் வாங்கப் போய்விட்டார். கிளெனிஸ் அவரையும் நம்பவில்லை. ஆனால் 'வேற பேர்' என்ற சொல் அவளைக் குத்தியது. ஏனென்றால் முந்தின நாள்தான் விண்ணப்பத்தோடு இருந்த அடையாளச் சான்றின் நகலைத் திரும்பப் பார்த்திருந்தாள். அடியில், பொடி எழுத்தில், 'முந்தைய பெயர்: ப்ரௌஸ்' என்று இருந்தது. மார்ச்சில் அது அவள் கண்ணில் படவே இல்லை. ப்ரௌஸ் என்ற பெயரை எங்கேயோ கேட்ட மாதிரியும் இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

ஆட்டம் தொடங்கியது. கிளெனிஸ் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

லோமஸ் உயரமும் இல்லை, வேகமும் இல்லை. பந்தை அதிகம் தொடவும் இல்லை. ஆட்டத்தின் முதல் கால்பகுதியில் நாலே தடவைதான். ஆனால் நெவிலின் மகன் எங்கே ஓடினாலும் அங்கே இவன் முன்னமே நின்றான். பந்து நடுமைதானத்தில் இருக்கும்போது மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள். இவன் எதிராளியின் பாதத்தைப் பார்த்தான். அந்தப் பையன் இடப்பக்கம் வெட்டப்போகிறான் என்பது அவனுக்கே தெரிவதற்கு முன் இவனுக்குத் தெரிந்தது. தானாக வருகிற சாமர்த்தியம் இல்லை இது. எங்கோ, யாரோ, வருடக்கணக்கில் பழக்கியிருக்கிறார்கள். 'ஐந்து' என்று குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

மூன்றாவது கால்பகுதியில் நெவிலின் மகனுக்கு ஒருவழியாக ஒரு கோல் கிடைத்தது. டன்மோர் வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. கிளெனிஸ் பைனாகுலரை லோமஸின் மேலேயே வைத்திருந்தாள். அப்போதுதான் அதைக் கவனித்தாள். அவன் இடுப்போரத்தில் இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்களும் முன்னால் நீண்டன. ஒரு நொடிதான். உடனே விரல்களை மடக்கிக் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

யாருக்குச் சைகை காட்டுகிறான்? அவன் பார்வை போன திசையில் யாருமே இல்லை. 'பெயர் மாற்றம். சைகை. பழக்கப்பட்டவன்' என்று எழுதி, கேள்விக்குறியை அடித்துவிட்டாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தியில் சாசேஜின் மிச்சம்கூட ருசித்தது.

விர்ராபுல் இருபது புள்ளி வித்தியாசத்தில் வென்றது. பயிற்சியாளர் கார்த் பெண்டர் சேறும் சிரிப்புமாக வந்தவன், அவள் வண்டியைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு கார்லிங்கிடம் இறுதி ஆட்டத்தில் தோற்ற விர்ராபுல் அணியின் கேப்டன் அவன்.

"என்ன கிளெனிஸ், எங்களப் புதைக்கக் குழி அளந்தாச்சா?"

"அந்த லோமஸ என் வண்டிக்கு அனுப்பு."

"அவன விட்டுடுங்க. சனிக்கிழமை ஆடுவான், ஒரு பீர் குடிப்பான், வீட்டுக்குப் போவான். அவ்ளோதான் அவன். உங்களுக்கென்ன! உங்க கோரி உதைச்ச பந்து கம்பத்துல இடிச்சும் கோலாச்சு. நாங்க நேரா ஆடினாலும் வழக்கு. அந்த வெள்ளக் கோட்டு அம்பயர் மட்டும் இன்னிக்கு என் கையில கிடைச்சான்னா..."

"சுத்தமா நடுவுல போச்சு கார்த். கம்பத்துக்குப் பின்னாடி நின்னவ நான்."

கார்த் லோமஸைக் கூப்பிடப் போனான். இந்த வழக்கு மதுக்கடையில் கிளம்பும்போதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடும். கிளெனிஸ் சொல்லிவிட்டாள் என்றால் அப்புறம் யார் என்ன பேச? அன்று விர்ராபுல் மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தது. கடைசி உதை அவள் மகன் கோரியுடையது. கம்பத்தில் பட்டிருந்தால் ஒரு புள்ளிதான், விர்ராபுலுக்குக் கோப்பை. சுத்தமாகப் போயிருந்தால் ஆறு புள்ளி, கார்லிங்குக்குக் கோப்பை. கம்பத்தருகே நிற்கும் கோல் அம்பயர் ஆறு கொடுத்தார். கார்லிங் வாங்கிய கடைசிக் கோப்பை அது.

லோமஸ் வந்தான். ஈரத் தலையோடு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கதவை மெதுவாகச் சாத்தினான்.

"ப்ரௌஸ் யாரு?" என்று எடுத்த எடுப்பில் குத்தினாள் கிளெனிஸ்.

அவன் முகம் வெளுத்தது. "நான்தான். கல்யாணத்தப்போ பொண்டாட்டி பேர எடுத்துக்கிட்டேன்."

"எந்த அணிக்கு ஆடின, ப்ரௌஸா இருந்தப்போ?"

"எந்த அணிக்கும் ஆடல."

"பொய் சொல்லாத. ஆடாதவனுக்கு இப்படிக் கால் தெரியாது. விரல்ல யாருக்குச் சைகை காட்டின?"

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "அதையும் பாத்துட்டீங்களா? விடமாட்டேங்குது அது." விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "பதினாலு வயசுலேர்ந்து ஆறு வருஷம் கோல் அம்பயரா நின்னேன். வெள்ளக் கோட்டு, தொப்பி, ரெண்டு கொடி. வாரம் ரெண்டு ஆட்டம். கோலடிக்கிறவன் எல்லாரும் என் மூஞ்சிக்கு நேராதான் ஓடி வருவான். எவன் எந்தக் கால ஊனினா எந்தப் பக்கம் திரும்புவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வேற என்ன வேலை அங்க? கோல் விழுந்தா ரெண்டு விரல் நீட்டணும். இன்னும் தானா நீளுது."

"எதுக்கு மறைச்ச? அம்பயரா இருந்தது குத்தமா?"

"கடைசி ஆட்டம் உங்களுக்கும் தெரியும். விர்ராபுல், கார்லிங்."

கிளெனிஸுக்கு இப்போதுதான் அந்தப் பெயர் பிடிபட்டது. எச். ப்ரௌஸ். அன்றைய ஆட்டத்தாளில் அம்பயர்கள் வரிசையில் கடைசிப் பெயர். விர்ராபுல்காரர்கள் ஒரு வருடம் காறித் துப்பிய பெயர்.

"பந்து கம்பத்துல பட்டுச்சு," என்றான் அவன். "டொக்குன்னு கேட்டுச்சு. ஒரு விரல்தான் தூக்கப் போனேன். கோலுக்குப் பின்னாடி மஞ்ச மழைக்கோட்டு போட்ட ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க 'கோல்'னு கத்தினாங்க. அப்புறம் எல்லாரும் கத்தினாங்க. இருபது வயசு எனக்கு. ரெண்டு விரலும் நீண்டுடுச்சு. அதுக்கப்புறம் கொடியத் தொடல. பொண்டாட்டிக்கு இந்த ஊரு. இங்க குடிவந்தப்போ, ஒரு வருஷமாவது இவங்க கோலக் காத்துக் குடுக்கலாம்னு தோணுச்சு."

மஞ்சள் மழைக்கோட்டு. கிளெனிஸின் இருக்கைக்குப் பின்னால் கொக்கியில் அதுதான் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று அவளுக்குள் பழைய குழாய் இறங்கியது. ஏறும்போது கோட்டைப் பார்த்திருப்பான். கார்த் அந்த ஆட்டத்தைப் பற்றி நூறு தடவை சொல்லியிருப்பான். இரண்டையும் கோத்து எனக்கே ஒரு கதை விடுகிறான். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

"கோட்டு போட்டவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க," என்றாள். "உன் கதைய நான் எத வச்சு நம்பறது? சாட்சி யாரு?"

"யாரும் இல்ல. எங்க அம்பயர் சங்கத்தையே கலைச்சுட்டாங்க, பழைய பதிவு ஒண்ணும் இல்ல." அவன் யோசித்தான். "அந்த அம்மா மட்டும்தான். அவங்களுக்கும் கேட்டுச்சு. கத்தறதுக்கு முன்னாடி கையால வாயப் பொத்தினாங்க. பட்டுடுச்சேன்னு. அப்புறம்தான் கைய எடுத்துட்டுக் கத்தினாங்க."

தொங்கும் கோட்டைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. கார்த்துக்கும் அது தெரியாது.

"அறிக்கையில இத எழுதினா நீ யாருன்னு கார்த்துக்குத் தெரிஞ்சுடும்," என்றாள்.

"எழுதுங்க. என்னைத் துரத்தட்டும். அவங்க இறுதிச் சுற்றுக்குப் போகணும்." கதவைத் திறந்தவன் ஒரு கணம் கொக்கியைப் பார்த்தான். அவனுக்குத் தெரியுமா, தெரியாதா என்று அவளால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிறு காலை அறிக்கைத் தாளோடு மேஜையில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் கோரி கோப்பையோடு சிரித்தான். 'ஐந்து' என்று ஒரு சொல் எழுதினால் போதும், எல்லோரும் நம்புவார்கள். இல்லையென்றால் 'சாட்சி இல்லை' என்று எழுதலாம். அதுவும் விர்ராபுலைப் புதைத்துவிடும். இரண்டிலும் அவள் சுவரில் இருக்கும் படம் அசையாது. அப்படி நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. முதல் வருடம் 'சுத்தமா நடுவுல போச்சு' என்று சொல்லும்போதெல்லாம் பொய் என்று தெரிந்துதான் சொன்னாள். பிறகு சொல்லிச் சொல்லி, அந்த டொக் என்ற சத்தமே காதிலிருந்து போய்விட்டது. ஊரார் லாரியையெல்லாம் அடிவரை குத்திப் பார்த்தவள், தன் வண்டியை மட்டும் ஒருநாளும் நிறுத்திப் பார்த்ததில்லை.

பெர்த்தில் இருக்கும் கோரியை அழைத்தாள்.

"அந்தக் கடைசி உதை. கம்பத்துல பட்டுச்சாடா?"

"நான் நாப்பது மீட்டர் தள்ளி சேத்துல விழுந்து கிடந்தேன்மா. எனக்கு என்ன தெரியும்? நீ சொன்ன, சுத்தமா போச்சுன்னு. நீ சொன்னதாலதான் நம்பினேன். ஏன், படலதானே?"

"அப்புறம் கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டாள்.

பேனாவை எடுத்து, தடுப்பாட்டக்காரன் ஹீத் லோமஸ், மதிப்பெண் ஒன்று, மாற்றமில்லை என்று எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில், இவர் ஆட்டக்காரராக எங்கும் ஆடியதில்லை, ஆறு வருடம் கோல் அம்பயராக இருந்தவர், கார்லிங் வென்ற இறுதி ஆட்டம் உட்பட, என்று எழுதினாள். சாட்சி என்ற கட்டத்தில் தன் முழுப்பெயரை எழுதினாள். அதன் கீழே இருந்த இடம் சின்னதுதான், ஆனால் போதுமானதாக இருந்தது.

'அன்று பந்து கம்பத்தில் பட்டது. எனக்கும் கேட்டது. முதலில் கத்தியவள் நான்.'