கிளாக்கர் ஜன்னலில் விழும் உறைபனி

எஹலியகொடைக்கு மேலுள்ள ரப்பர் தோட்டத்தில், கிளாக்கர் செபஸ்ரியனின் ஆபிஸ் ஜன்னலுக்கு முன்னால் மட்டும் போன பங்குனியிலிருந்து உறைபனி விழுகிறது. நான்கடி நீளம், மூன்றடி அகலம். அதைத் தாண்டினால் வழக்கமான வெயில். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்த மனிதர், பதவி கிடைத்த மறுநாளே சொந்தச் சனத்திடம் சிங்களத்தில் மட்டும் பேசத் தொடங்கினார். பனியும் அன்றுதான் தொடங்கியது. சனம் ஒரு வாரம் அதிசயப்பட்டது. பிறகு வாங்கிய மீனைக் கெடாமலிருக்க அந்த ஜன்னல் கட்டையில் வைத்துப் பழகிக்கொண்டது.

கம்பனியிலிருந்து பார்வையிட வந்த ரெஜினோல்ட் துரை மீசையில் பனியோடு திரும்பிப் போய், கிளாக்கர் தொழிலாளரிடம் ‘ஃப்ரொஸ்டிலி’ நடந்துகொள்கிறார் என்று அறிக்கை எழுதினார். கொழும்பில் யாரும் அகராதியைப் புரட்டவில்லை போலும். அது ஏதோ உயர்ந்த குணமாக்கும் என்று எண்ணி அவரைத் தலைமைக் கிளாக்கர் ஆக்கினார்கள். பனி இரண்டு அங்குலம் தடித்தது.

லயங்களுக்குத் தனி விலாசம் கிடையாது; எல்லாக் கடிதமும் ஆபிசுக்கே வரும். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் சூசையம்மாவின் மகள் ஸ்டெபானிக்கு ஆஸ்பத்திரித் தாதிப் பயிற்சி நேர்முகத் தேர்வு, வெள்ளிக்கிழமை, இரத்தினபுரியில். அழைப்புக் கடிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டதாகத் தபால்காரர் சொல்ல, சூசையம்மா அன்றே ஜன்னலுக்குப் போனாள்.

“செபஸ்ரியன் தம்பி, புள்ளைக்கு வந்த கடுதாசியக் குடுங்களேன். வெள்ளிக்கெழம கூப்பிட்டுருக்காங்க.”

“ஹெட்ட எண்ட.” நாளைக்கு வரவேண்டுமாம். சின்ன வயதில் சூசையம்மாவின் தட்டில் ரொட்டி தின்ற வாய்க்குத் தமிழ் மறந்துவிட்டது, பாவம்.

புதனும் அதே பதில். வியாழன் காலையில் செங்கல் அளவு ஐஸ்கட்டி ஒன்றை வெளியே தள்ளினார். கடிதம் அதன் நடுவில் இருந்தது. அந்த இடத்தில் கண்ணீரும் உறைந்துவிடும் என்பதால் சூசையம்மா அழவில்லை.

பால்வெட்டும் கத்தியால் கொத்தினால் கடிதம் கிழியும். வெயிலில் வைக்கலாமென்றால் மழை பிடித்துக்கொண்டது. நேரே ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டுக்குப் போய், கட்டியைத் துணியில் முடிந்து ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டாள்.

“ஷீட்டுன்னு நெனச்சு தரம் பிரிச்சுறப் போறாங்க அக்கா” என்றான் அடுப்பெரிக்கும் ஏழுமலை, விறகைத் தள்ளிக்கொண்டே.

மாலைக்குள் கடிதம் தேன் நிறத்தில் காய்ந்தது. எழுத்து ஒன்றும் அழியவில்லை. மறுநாள் தேர்வாளர்கள் அதை இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டு ஸ்டெபானியை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அவள் விடுதியிலிருந்து எழுதும் கடிதமெல்லாம் கட்டியாகத்தான் அம்மா கைக்கு வருகிறது. சூசையம்மா புகைவீட்டில் தொங்கவிட்டு மறுநாள் வாசிக்கிறாள். ஒன்றில், துரை எழுதிய அந்த ‘ஃப்ரொஸ்டிலி’ என்ற சொல்லை நூலகத்தில் தேடியதாக ஸ்டெபானி எழுதியிருந்தாள். முகம் கொடுக்காமல், சிநேகமில்லாமல் என்று பொருளாம். உறைபனியைச் சொல்லும் பழைய வார்த்தையிலிருந்து, எங்கோ குளிர்தேசத்தில் பிறந்ததாம்.

“அப்ப அந்த ஊர்லயும் லயத்துல பொறந்த கிளாக்கர் ஒருத்தர் இருந்துருக்காரு” என்றாள் சூசையம்மா. பிறகு, ஆபிஸ் மூடுவதற்குள் தன் மீனை எடுத்துவரப் போனாள்.