தெரிந்த அளவு ஈயம்

1

சமையலறை மேசையின் சன்னல் பக்கம் அண்ணன். எதிரே அண்ணி, எட்டாம் மாதம் என்பதால் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டிருந்தார். நடுவில் தங்கை, அதாவது என் மனைவி, கையடக்கக் கருவியோடு. நான் வாசற்படியில். [இனி இந்தக் கதையில் எனக்கு வேலையில்லை. வீட்டிலும் அப்படித்தான்.]

கதை பிறந்த விதம் இது: ஊர் ஊராய்த் தண்ணீர் சோதிப்பவள் தங்கை. வேலை முடிந்து வரும் வழியில், "உங்க வீட்டுத் தண்ணியையும் பாத்துடலாமாண்ணா?" என்றாள். விளையாட்டு வினையாயிற்று.

2

'அறிவியல் மனித குலத்துக்கு அளித்த' — வேண்டாம், அடித்துவிட்டேன்.

கருவியில் செருகிய, நகத்தைவிடச் சற்றே பெரிய பட்டையில் ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணீர். மின்சாரம் முதலில் அதிலுள்ள உலோகத்தை 'வா, உட்கார்' என்று பட்டைமேல் அழைத்துக்கொள்ளும். பிறகு 'எழுந்திரு' என்று மெல்ல விரட்டும். ஒவ்வோர் உலோகமும் தனக்கென்று உள்ள மின்னழுத்தத்தில்தான் எழும். எழும்போது திரையில் ஒரு மேடு. சபையில் பேர் சொல்லிவிட்டு வெளியேறுவது போல. ஆய்வுக்கூடமே தோள்பையில்! வியக்காமல் எப்படி?

ஈயம் எழும் இடத்தில் மேடு தெரிந்தது.

"மெஷின் பொய் சொல்லுதோ?" என்றார் அண்ணன்.

"கேக்க வேண்டிய கேள்விதாண்ணா. தெரிஞ்ச அளவு ஈயத்தை நானே இதுல விடுறேன். அதே மேடு வளந்தா ஈயம்தான். எவ்வளவு வளருதுன்னு பாத்து, முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னும் கணக்குப் போட்டுடலாம்."

"இருக்கிற விஷம் பத்தலைன்னு நீ வேற ஊத்துறியா, நாத்தனாரே?" என்றார் அண்ணி. அவர் மட்டுமே சிரித்தார்.

அதே மேடு வளர்ந்தது. அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வரும் கிணற்றில் நேரே மொண்டதிலோ மேடே இல்லை. ஆக, குற்றவாளி குழாய். எங்கோ கழற்றிய பழைய குழாயைத் தேடிப் பிடித்து, "அந்தக் காலத்துச் சாமான், அசையாது" என்று மாட்டியவர் அண்ணன்.

"அப்ப, உள்ள இருக்கிறதுக்கு?" அண்ணியின் கை வயிற்றுக்குப் போனது.

"இது தண்ணியைப் பத்தித்தான் சொல்லும், அண்ணி. உங்களைப் பத்திச் சொல்லாது. ரத்தம் குடுத்துப் பாக்கணும்."

3

அடுத்து எழுதியது: 'அண்ணன் கண் கலங்கினார்.' எனக்கே சந்தேகம். தங்கையின் வழியைக் கடன் வாங்கி, தெரிந்தே ஒரு சொட்டுப் பொய் விட்டேன்: 'வெளியே மழை பிடித்தது.' பத்தி உப்பியது. கண் கலங்கியபோது உப்பிய அதே இடத்தில். ஆக, அதுவும் பொய்தான். இரண்டையும் அடித்தேன்.

நடந்தது இதுதான்: அண்ணன் எழுந்துபோய்க் குழாயை இறுக மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

4

கதைக்குக் கைவசம் முடிவுகள் இரண்டு. ஒன்றில் ரத்தத்தில் ஈயம் இல்லை. மற்றதில் — பேனா ஓடவில்லை.

அண்ணியின் ரத்தப் பரிசோதனை முடிவு நாளைக்கு வரும். "வந்ததும் எழுதுங்களேன், என்ன அவசரம்?" என்கிறாள் மனைவி. நல்லது வந்தால், குழாயை மூடிய கையைப் பார்த்து நான் சிரித்துவிடுவேன். கெட்டது வந்தால் அந்தக் கையை மன்னிக்க மாட்டேன். அன்று அந்த மேசையில் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரிந்தவனாக அவர்களை எழுதுவது நியாயமில்லை.

நீங்கள் இந்த உறையைப் பிரிக்கும்போது அந்த வீட்டில் எல்லோருக்கும் விடை தெரிந்திருக்கும். நீங்கள் மட்டும் அவர்களோடு இன்னும் காத்துக்கொண்டிருப்பீர்கள். தயவுசெய்து சற்று இருங்கள்.

மடித்தேன். ஒட்டினேன். தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டாயிற்று.