எட்டுக்கு ஒன்றாகச் சுண்டிய பீர்

மொழிபெயர்ப்பு நாவல்கள் மீது தங்கராசுவுக்கு ஒரே ஒரு வருத்தம் இருந்தது. அவற்றில் பனியில் நனைந்து வருகிறவர்கள் எல்லாம் விடுதிக்குள் நுழைந்து நுரை ததும்பப் பீர் குடிக்கிறார்கள். குடித்துவிட்டுக் காதலைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் விடிய விடியப் பேசுகிறார்கள். அந்தப் பீர் எப்படி இருந்தது என்று மட்டும் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. பொறுக்க முடியாமல் ஒருமுறை பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிப் போய்க் குடித்தும் பார்த்துவிட்டான். "கசக்கவே கசக்காது தம்பி, கேரண்டி" என்று பெருமையாகத் திறந்து கொடுத்தார் கடைக்காரர். நேற்றைய கஞ்சியில் சோடா ஊற்றியது போல இருந்தது. இதைக் குடித்துவிட்டா அத்தனை பேரும் காதலைப் பற்றிப் பேசினார்கள்?

செஞ்சிக் கோட்டை பார்க்க வந்த டேனியல் என்ற அமெரிக்கனுக்கு ராஜகிரி மலை மேலே வழிகாட்டிப் போனபோதுதான் விஷயம் விளங்கியது. டேனியல் தன் வீட்டுக் கார் கொட்டகையில் பீர் காய்ச்சுகிறவன். பீருக்குக் கசப்பும் வாசமும் கொடுப்பது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ என்றான். அந்தக் காலத்தில் கப்பலில் வரும்போது கெடாமலிருக்க அந்தப் பூவை அள்ளிப் போட்டுக் காய்ச்சிய பீருக்கு இந்தியா பேல் ஏல் என்றே பெயராம். அவன் ஊரில் சின்னச் சின்ன ஆட்கள் இப்போது அதைத் திரும்பக் காய்ச்சுகிறார்களாம். வாயருகில் கொண்டுபோனதும் ஆரஞ்சுத் தோல் மணக்கும், விழுங்கும்போது மரத்துப் பிசின், கடைசியில் அடிநாக்கில் நின்றுபோகும் ஒரு கசப்பு. தங்கராசுவுக்கு எரிச்சலாக இருந்தது. பெயரிலேயே இந்தியாவை வைத்துக்கொண்டு செஞ்சிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத பீர்.

ஊர் போய்ச் சேர்ந்த டேனியல் ஒரு கைப்பிடி காய்ந்த பூவைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் ஒட்டித் தபாலில் அனுப்பினான். கூடவே ஒரு கடிதம்: காய்ச்சுகிற அன்றைக்குத்தான் பிரிக்க வேண்டும். பாதியைக் கொதியில் போட வேண்டும், மீதியை அடுப்பை அணைத்த பிறகு. கொதித்தால் கசப்பு நிற்கும், வாசம் பறந்துவிடும். தங்கராசு பிரிக்கவில்லை. இரவில் படிக்கும்போது பையை மூக்கருகில் வைத்துப் பார்ப்பான். பிளாஸ்டிக் வாசம்தான் வரும்.

முளைகட்டிய பார்லி வேண்டும் என்றிருந்தான் டேனியல். மருந்துக் கடையில் டப்பா பார்லிதான் கிடைத்தது. முளைகட்டாத குறைக்கு வெல்லமும் வாங்கி, எல்லாவற்றையும் அலமாரியில் வைக்கும்போது அம்மா அமிர்தவல்லி பார்த்துவிட்டாள்.

"இன்னாடா அது?"

பெற்றவளிடம் பீர் காய்ச்சப் போகிறேன் என்றா சொல்ல முடியும்? "மருந்துமா" என்றான்.

அவள் பார்லியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், அதற்கு மேல் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈஸ்ட் வாங்கக் கடைத்தெருவில் சர்தார் பாயின் பேக்கரிக்குப் போனான். ரொட்டி இறக்கும்வரை பாய் உட்கார வைத்துவிட்டார்.

"ஈஸ்ட் உனக்கு எதுக்குப்பா? எனக்குப் போட்டியா கடை வைக்கப் போறியா?"

"சும்மா ஒரு டெஸ்ட்டு பாய்."

"டெஸ்ட்டெல்லாம் பண்ணு. வெயில்ல வெச்சுடாத, செத்துப்பூடும்."

ஈரத்துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் தெருவுக்குள் வந்தான். குழாயடியில் எதிர்வீட்டுக் கமலாம்பாள் குடத்தை நிமிர்த்திவிட்டு அவனை இரக்கத்தோடு பார்த்தாள்.

"நீர்க்கடுப்பு தேவலையா ராசு?"

"யாருக்கு?"

"வெக்கப்படாத. சூட்டு ஒடம்புக்கு வர்றதுதான். உங்கம்மா காய்ச்சுனாளே கஷாயம், தெருவே மணந்துச்சு போ. நார்த்தங்கா தோலக் கிள்ளுனாப்ல."

அவன் ஓடினான். அடுப்பு அணைந்திருந்தது. அடுப்படியில் மண்ணெண்ணெய் வாசம்தான் இருந்தது. பிரித்த பிளாஸ்டிக் பை குப்பைக் கூடையில் கிடந்தது. அம்மா ஒரு டம்ளரில் கறுப்பாக எதையோ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் போட்டுட்டியா?"

"பின்ன, மிச்சம் வெப்பாங்களா? பார்லிய வேகவெச்சு, பூவப் போட்டு, வெல்லம் தட்டிப் போட்டு, எட்டுக்கு ஒண்ணா சுண்ட வெச்சேன்."

"யாரு உன்னக் காய்ச்சச் சொன்னது?"

"நீயா சொல்லுவ? பார்லியப் பாத்தாலே தெரியாதா என்னா சீக்குன்னு? வயசுப் பையன், சொல்லக் கூச்சப்படுறான்னு நானே காய்ச்சுனேன்."

"சக்கை எங்க?"

"கமலாம்பா எருமத் தொட்டியில கொட்டுனேன். மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிச்சு."

எருமைகூட மோந்துவிட்டது. தங்கராசு கையிலிருந்த துணிச்சுருளை அலமாரியில் வைத்தான். கத்த வேண்டும் போலிருந்தது. எதைச் சொல்லிக் கத்துவது? டம்ளரை வாங்கினான்.

"மூக்கப் புடிச்சிக்கினு ஒரே மடக்கா குடி" என்றாள் அம்மா.

மூக்கைப் பிடிக்காமல், நாவல்களில் குடிப்பதுபோல் மெல்லக் குடித்தான். முதல் மடக்கிலும் கசப்பு, அடுத்ததிலும் கசப்பு. ஆரஞ்சும் இல்லை, பிசினும் இல்லை. வேப்பங்கொட்டையை வெல்லத்தில் அரைத்தது போல ஒன்று அடிநாக்கைக் கவ்விக்கொண்டு விட மறுத்தது. அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் அடிவரை குடித்தான்.

சாயங்காலம் வரை அந்தக் கசப்பு போகவில்லை. வாசலில் தங்கை மங்கை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மங்கை, அம்மா காய்ச்சும்போது நீ இருந்தியா?"

"இருந்தேன்."

"எப்படி மணந்துச்சு?"

"நல்லாத்தாண்ணா இருந்துச்சு. ஆரஞ்சு உரிச்ச மாதிரி."

"அப்புறம்?"

அவள் முறத்தை நிறுத்தி யோசித்தாள். "குங்கிலியம் போட்ட மாதிரி கொஞ்சம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, அவ்ளோதான்."

"இன்னொரு தடவ மொதல்லருந்து சொல்லு."